ஊருக்கு ஊர் உடன்பிறப்பு

நம் பங்கின் வரலாற்றை இம்மலரின் பிற கட்டுரைகள் கூறுகின்றன. அடிக்கல் நாட்டியவர், கோபுரம் எழுப்பியவர், மணி வாங்கித் தந்தவர் ஆகியோரின் பெயர்கள் அங்கே நன்றியோடு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. நாம் ஈண்டு சொல்லப் புகுவது வேறொரு வரலாறு. ஒரு நாட்டிலுள்ள ஊர், மற்றொரு நாட்டிலுள்ள ஊரைப் பார்த்து, "நீயும் நானும் உடன்பிறப்பு" என்று கைகோத்துக்கொண்ட கதை அது. இவ்வழக்கத்தைச் சகோதர நகர் உறவு என்பர்.

இக்கதை இம்மலருக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. யூபிலி ஏற்பாட்டுக் கூட்டங்களில், நம் பங்கும் வெளிநாட்டுப் பங்கு ஒன்றோடு நட்புறவு பூண்டால் என்ன என்ற பேச்சு எழுந்தது. "கட்டட நிதிக்கு உதவுமே" என்றார் ஒருவர். "யூபிலி கொண்டாடுவது கையேந்தவா?" என்றார் இன்னொருவர். இரு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவே முடிவெடுக்குமுன், ஊரும் ஊரும் நட்புக் கொண்ட இடங்களில் நடந்தது என்ன, எந்த நட்பு நின்றது, ஏன் நின்றது என்று பார்ப்பது நலம்.

முதல் உண்டியல்

திருச்சபைக்கு இவ்வழக்கம் புதிதன்று. புனித சின்னப்பர் தம் பயணங்களிலே கொரிந்து நகரத்தாரிடமும் மக்கதோனிய நாட்டுச் சபைகளிடமும் எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டினார் என்பதை அவருடைய நிருபங்களிலே காண்கிறோம். மக்கதோனியர் செல்வர் அல்லர். தங்கள் வறுமையிலிருந்தே கொடுத்தனர். கடல் கடந்து போகும் அப்பணத்தைச் சின்னப்பர் பிச்சை என்று எண்ணவில்லை. எருசலேம் விசுவாசத்தைக் கொடுத்தது. மற்றவர்கள் பொருளைக் கொடுத்தனர். இரு பக்கமும் கொடுத்தன, இரு பக்கமும் பெற்றுக்கொண்டன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

லெ மானும் பாடர்போர்னும்

ஐரோப்பாவிலேயே மிகப் பழமையான ஊர் நட்பு என்று போற்றப்படுவது பிரான்ஸ் நாட்டு லெ மான் நகருக்கும் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகருக்கும் இடையே உள்ளதாகும். அது தொடங்கிய ஆண்டு 836. நம் தமிழகத்திலே பல்லவர் ஆட்சி நடந்த காலம் அது.

அக்காலத்தில் பாடர்போர்ன் பகுதியில் வாழ்ந்தவர்கள் சாக்சன் இன மக்கள். பேரரசர் சார்லமாஞ் பல ஆண்டுகள் போர் புரிந்து அவர்களை அடக்கியிருந்தார். அவர்களுக்குக் கிறிஸ்தவம் வாளோடு சேர்ந்து வந்தது. ஆலயம் எழும்பிற்று, ஆயர் வந்தார், ஆயினும் மக்கள் மனத்தில் விசுவாசம் வேர் கொள்ளவில்லை. வென்றவன் மதம் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள் அன்றோ? இந்நிலையில் பாடர்போர்ன் ஆயர் பாதுராத் ஒரு வழி கண்டார். பழமையான கிறிஸ்தவ நகரம் ஒன்றிலிருந்து புனிதர் ஒருவரின் திருப்பண்டங்களைக் கேட்டுப் பெற்று, தம் மக்களுக்குப் பாதுகாவலராகத் தர விரும்பினார். லெ மான் ஆயர் ஆல்த்ரிக்கிடம் தூதுக்குழு அனுப்பப்பட்டது.

ஆல்த்ரிக் கொடுத்தது சாதாரணப் பொருளன்று. நான்காம் நூற்றாண்டிலே லெ மானில் ஆயராயிருந்த புனித லிபோரியுசின் திருப்பண்டங்கள் அவை. லிபோரியுஸ், தூர் நகர்ப் புனித மார்த்தீனின் நண்பர். மார்த்தீன் அருகிலிருக்க உயிர் நீத்தார் என்பது மரபு. தங்கள் ஊர்ப் புனிதரை அந்நியர் எடுத்துச் செல்வதா என்று லெ மான் மக்கள் கலங்கினர். ஆயர் அவர்களைத் தேற்றினார். மே மாதத் தொடக்கத்தில் புறப்பட்ட தூதுக்குழு, ஏறத்தாழ நான்கு வாரம் பயணம் செய்து, மே 28 அன்று, பரிசுத்த ஆவியின் திருநாளிலே, பாடர்போர்ன் வந்து சேர்ந்தது. பவனிக்கு முன்னால் ஒரு மயில் வழிகாட்டிச் சென்றது என்பது அவ்வூர்க் கதை. இன்றும் பாடர்போர்னில் லிபோரியுஸ் திருவிழாப் பவனியிலே மயில்தோகை எடுத்துச் செல்லப்படுகிறது. மயிலை நன்கறிந்த நம் நாட்டார்க்கு இது வியப்பும் மகிழ்ச்சியும் தரும் செய்தி.

அன்று இரு ஆலயங்களும் என்றும் நீங்காத சகோதர அன்பின் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவது, இடுக்கண் வந்தால் உதவுவது என்பதே அதன் சாரம். யார் யாரோடு இந்த உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வென்ற நாட்டு நகரமும் தோற்ற நாட்டு நகரமும் ஒரே வரிசையில் நின்றன. வாள் செய்ய முடியாததை ஒரு புனிதரின் எலும்புகள் செய்தன.

நட்புக்கு வந்த சோதனை

சொல்லிவிடுவது எளிது, நிற்பது கடினம். இந்நட்பு எத்தனையோ சோதனைகளைக் கண்டது.

1622-ஆம் ஆண்டு, முப்பதாண்டுப் போரின்போது, பிரன்ஸ்விக் கிறிஸ்தியான் என்னும் படைத்தலைவன் பாடர்போர்ன் பேராலயத்தைக் கொள்ளையிட்டான். லிபோரியுசின் பொன்வெள்ளிப் பேழையை உருக்கி நாணயம் அடித்தான். தான் கடவுளின் நண்பன், குருக்களின் பகைவன் என்று அந்நாணயத்திலேயே பொறித்துக்கொண்டான்! திருப்பண்டங்களையும் அவன் எடுத்துச் சென்றான். 1627-ல் அவை திரும்பி வந்தன. புதிய பேழை செய்யப்பட்டது. அப்போரின் முடிவில் சமாதானப் பேச்சு நடந்தபோது, பாடர்போர்ன் மறைமாவட்டம் பிறர் கைக்குப் போய்விடாதபடி லெ மான் குருக்கள் பிரஞ்சு அரசிடம் பரிந்து பேசினர்.

பிரஞ்சுப் புரட்சியின்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. பிரான்சில் குருக்கள் வேட்டையாடப்பட்டனர். நாட்டை விட்டு ஓடிய லெ மான் ஆயர் பாடர்போர்னிலே அடைக்கலம் புகுந்து, அங்கேயே கண் மூடினார். 836-ல் கொடுத்த ஊர், ஏறத்தாழ 960 ஆண்டுகளுக்குப் பின் பெற்றுக்கொண்டது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

பின்னர் வந்தவை கொடிய ஆண்டுகள். 1871 சனவரியில் பிரஷ்யப் படைகள் லெ மான் போரில் வென்று நகரைப் பிடித்தன. 1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர். 1940-ல் ஜெர்மானியர் மீண்டும் லெ மானுக்குள் புகுந்தனர். 1945 மார்ச்சு 27-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசிப் பாடர்போர்ன் நகரைச் சாம்பலாக்கின. ஒருவருக்காக ஒருவர் மன்றாட வாக்களித்த இரு ஊர்களின் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தி எதிரெதிரே நின்றார்கள். நட்பு போரைத் தடுத்ததா என்றால், இல்லை. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் போர் ஓய்ந்தபோது, முதலில் எங்கே போய்க் கதவைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1967-ல் இரு நகர மன்றங்களும் முறைப்படி சகோதர நகர் உறவு பூண்டன. ஆலயம் தொடங்கியதை நகர மன்றம் தொடர்ந்தது.

முள்வேலிக்குள் ஒரு குருமடம்

பாடர்போர்ன் மறைமாவட்டத்துக் குரு ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1904-ல் பிறந்து 1932-ல் குருப்பட்டம் பெற்ற ஸ்டொக் அடிகளார், பாரீசிலிருந்த ஜெர்மானியக் கத்தோலிக்கருக்கு ஞானமேய்ப்பராய் இருந்தார். ஜெர்மானியப் படை பாரீசைப் பிடித்தபின், சிறையிலிடப்பட்ட பிரஞ்சு விடுதலை வீரர்களுக்கு ஆன்ம துணையானார். மோன் வலேரியன் குன்றிலே சுடப்படுவதற்காகக் கொண்டு செல்லப்பட்டவர்களோடு இறுதி வரை உடன் சென்றார். கொல்பவர்கள் தம் நாட்டார், கொல்லப்படுபவர்கள் அயல் நாட்டார், நடுவிலே இவர்.

போர் முடிந்து நிலைமை தலைகீழானது. இப்போது ஜெர்மானியர் பிரான்சிலே கைதிகள். 1945 முதல் 1947 வரை சார்த்ர் நகருக்கருகே, போர்க் கைதிகளாயிருந்த குரு மாணவர்களுக்கென்று முள்வேலிக்குள் ஒரு குருமடம் நடந்தது. அதன் அதிபராய் இருந்தவர் ஸ்டொக் அடிகளார்தாம். ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே பயின்றனர். பிற்காலத்தில் இருபத்து மூன்றாம் அருளப்பர் என்னும் பாப்பரசரான ரொங்காலி ஆண்டகை, அன்று பிரான்சில் பாப்பரசரின் தூதுவராயிருந்து, அக்குருமடத்தைச் சென்று கண்டார். அடிகளார் 1948-ல், 43 வயதிலேயே மறைந்தார். 1962 சூலை 8-ல் பிரஞ்சு அதிபர் தெகாலும் ஜெர்மானியத் தலைவர் அடெனவரும் ரேம்ஸ் பேராலயத் திருப்பலியிலே அருகருகே நின்றபோது உலகம் வியந்தது. 1963-ல் இரு நாடுகளும் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. இன்று அவ்விரு நாடுகளுக்கிடையே 2,000-க்கும் மேற்பட்ட சகோதர நகர் உறவுகள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் அடியில், பெயர் தெரியாத எத்தனையோ ஸ்டொக் அடிகளார்கள் இட்ட உரம் கிடக்கிறது.

சில்லறைக் காசும் மேசை விரிப்பும்

பிற சபையினரும் பிற நாட்டினரும் இவ்வழியில் நமக்குப் பாடம் தந்துள்ளனர். 1940 நவம்பர் 14 இரவு, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரையும் அதன் ஆங்கிலிக்கன் பேராலயத்தையும் ஜெர்மானியக் குண்டுகள் அழித்தன. அந்நகரப் பெண்கள், தங்களைப்போலவே சீரழிந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடை நினைத்தனர். ஏறக்குறைய 830 பெண்கள் ஆளுக்கு ஆறு பென்சு கொடுத்து, தங்கள் பெயர்களையெல்லாம் ஒரு மேசை விரிப்பிலே பூத்தையலாகத் தைத்து அனுப்பினர். பெரிய அனுதாபத்தைவிடச் சிறிய உதவி மேல் என்ற கருத்தும் அதில் தைக்கப்பட்டிருந்தது. 1944-ல் இரு நகரங்களும் உறவு பூண்டன. கோவென்ட்ரி அதோடு நிற்கவில்லை. பகைவர் நாட்டிலே, தம் நாட்டு விமானங்களும் சேர்ந்து அழித்த டிரெஸ்டன் நகரோடும் 1959-ல் நட்புக் கொண்டது. 1965-ல் கோவென்ட்ரியிலிருந்து சென்ற இளைஞர்கள் டிரெஸ்டனில் இடிந்த மருத்துவமனை ஒன்றைக் கட்டியெழுப்பக் கைகொடுத்தனர்.

எல்லா நட்பும் எந்நாளும் ஒரே சீராய் ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாலின்கிராடு இன்று வோல்கோகிராடு எனப்படுகிறது. யுக்ரேன் போர் மூண்டபின் 2022-ல் கோவென்ட்ரி நகர மன்றம் அவ்வுறவை நிறுத்தி வைத்தது. ஆறு வற்றினாலும் அதன் தடம் அழிவதில்லை. நீர் மீண்டும் வரும் என்று நம்புவோமாக.

போருக்குப் பின், அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளி ஆசிரியை அமண்டா நெக்ட் அம்மையார், பிரான்சின் பிரித்தானி மாநிலத்துத் துறைமுகமான பிரெஸ்த் நகரின் இடிபாடுகளைக் கண்டு மனம் நொந்தார். ஊர் திரும்பித் தம் மாணவர்களிடம் சொன்னார். பிள்ளைகள் சில்லறைக் காசுகளாகவே 32,000 டாலர் திரட்டினர்; அது பிரெஸ்த் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவைக் கட்ட உதவிற்று. 1948-ல் அவ்விரு நகரங்களும் சகோதர நகரங்களாயின.

அதே டென்வர் நகரம் 1984-ல் நம் சென்னையோடு, அந்நாளில் மதராசோடு, கைகோத்தது. அதற்கு முன்பே, 1960-களில், வோல்கோகிராடும் சென்னைக்கு உடன்பிறப்பாகியிருந்தது. வல்லரசுகள் இரண்டும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் தலைநகரம் இரு பக்கமும் ஒவ்வோர் உடன்பிறப்பை வைத்திருந்தது! 2008-ல் அமெரிக்காவின் சான் அந்தோணியோ நகரும் சேர்ந்தது. அப்பெயர் நம்மவர்க்கு அந்நியமானதன்று. 1691 சூன் 13-ல், கோடி அற்புதரான புனித அந்தோணியார் திருநாளிலே, ஸ்பானியர் அவ்விடம் வந்து சேர்ந்ததால் அவர் பெயரையே இட்டனர்.

நம் மலையடிவாரத்தில்

நிற்க. திருவண்ணாமலைக்கு வருவோம். நகர மன்றத் தீர்மானமும் முத்திரையும் இல்லாமலே இம்மண்ணிலும் ஊர்கடந்த உறவுகள் வளர்ந்துள்ளன. டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், நாம் டென்மார்க் நாட்டை நினைக்கிறோம். அங்குள்ள லுத்தரன் சபையார் நம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்குச் செய்த தொண்டு அது. சேத்துப்பட்டுக்குத் திருயாத்திரை போகும்போது, பிரான்சின் லூர்து நகர் நம் பக்கத்து ஊராகிவிடுகிறது. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் அப்பகுதி ஏழைகளிடையே உழைத்து, அங்கே லூர்து மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய தராஸ் சுவாமிகள், பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்.

இவற்றினும் நுட்பமான ஓர் உறவு ரமணாசிரமத்தை ஒட்டி நிகழ்ந்தது. 1949 சனவரியில் இரு பிரஞ்சுக் குருக்கள் ஆசிரமத்துக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தனர். ஒருவர் லியோன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த மொன்ஷானேன் அடிகளார். 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்துக் குளித்தலைப் பகுதியில் ஊழியம் செய்தவர். மற்றவர் லெ சோ அடிகளார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. பிரித்தானி மாநிலத்தின் சேன் பிரியாக் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தவர். டென்வர்ப் பிள்ளைகள் உதவிய பிரெஸ்த் நகரும் அதே மாநிலத்தது என்பதை நினைவிற் கொள்க.

1950-ல் இருவரும் காவிரிக் கரையிலே, தண்ணீர்ப்பள்ளியில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்று நாம் அறிவது அதுவே. காவியுடுத்தி, காய்கறியுணவு கொண்டு, நம் நாட்டுத் துறவியர் முறையில் வாழ்ந்தனர். லெ சோ அடிகளார் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்டார். மகரிஷி 1950 ஏப்ரல் 14-ல் மறைந்த பின்னும் அவர் அருணாசலத்தை மறக்கவில்லை. 1952 முதல் பலமுறை வந்து மலைக்குகைகளிலே மௌனத்தில் தங்கினார். நம் மலையைப் பற்றி அவர் எழுதியது பின்னர் ஐரோப்பிய மொழிகளில் நூலாக வெளிவந்தது. 1973-ல் இந்தூரில் காலமானார். அவர் சென்ற வழி எல்லார்க்கும் உரியதன்று. அதுபற்றித் திருச்சபையில் கேள்விகளும் எழுந்தன. ஆயினும் 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் காணும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தபோது, அவ்வறிவிப்பைத் தம் வாழ்விலே முன்னரே நடந்து காட்டியவர்களுள் இவரும் ஒருவர் என்பதை மறுக்க இயலாது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த அடிகளார், நமக்குக் கொடுக்க மட்டும் வரவில்லை, பெற்றுக்கொள்ளவும் வந்தார். நம் மலையிடமிருந்தும், நம் அயலாரிடமிருந்தும் மௌனத்தைக் கற்றார். கடல் கடந்து வந்தவர் கண்ட செல்வம், கூப்பிடு தூரத்திலிருக்கும் நம் கண்ணில் பட்டதா?

நமக்குரிய பாடம்

இவ்வரலாறுகளையெல்லாம் ஒன்றாக நோக்கின் மூன்று உண்மைகள் புலப்படும்.

முதலாவது, நிலைத்த நட்பிலே ஒரு பக்கம் கொடுப்பதும் மறு பக்கம் கை நீட்டுவதும் என்றுமே நிலையாக இருந்ததில்லை. லெ மான் கொடுத்தது, பின் பெற்றது. எருசலேமும் அப்படியே. ஆகவே நாம் வெளிநாட்டுப் பங்கு ஒன்றோடு உறவு கொள்வதானால், முதல் கடிதம் கட்டட மதிப்பீட்டோடு போகலாகாது. நம் பங்கின் நோயாளிகளுடைய மன்றாட்டும், நம் பிள்ளைகள் எழுதிய மடலும், அவர்களுடைய முதியோருக்காக நாம் ஒப்புக்கொடுத்த திருப்பலியும் முன்னே போகட்டும். கோயில்கள் காலியாகி, குருக்கள் குறைந்து வரும் நாடுகளுக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்று யார் சொல்வது? பிறகு அவர்களாக உதவினால் நன்றியோடு ஏற்போம். அது சகோதரன் கையிலிருந்து வருவது.

இரண்டாவது, பெருந்தொகை அன்று, பலருடைய சிறுதொகையே ஊர்களை இணைத்தது. ஆறு பென்சும் சில்லறைக் காசும் செய்ததை எண்ணிப் பாருங்கள். நம் மறைக்கல்விப் பிள்ளைகள் தவக்கால உண்டியலில் சேர்ப்பதில் ஒரு பங்கை, போராலோ வெள்ளத்தாலோ துன்புறும் அயல் நாட்டு ஊர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் அனுப்பலாகாதா? பெற்றே பழகிய பங்கு கொடுக்கவும் தொடங்கும் நாள்தான் உண்மையான யூபிலி நாள்.

மூன்றாவது, தொலைவிலுள்ள உடன்பிறப்பைத் தேடுமுன் அண்டை வீட்டானை அறிய வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்கும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடந்து நம் ஊரைச் சுற்றி வருகின்றனர். தாகத்தோடு வருபவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. நம் பெருவிழாவுக்கு அயலாரை அழைப்பதும், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போய் நிற்பதும் தெருவளவில் செய்யும் சகோதர உறவே. அது இல்லாமல் கடல் கடந்த உறவு மட்டும் கொண்டால், வாசலைப் பெருக்காமல் வானத்துக்குத் தோரணம் கட்டியதாகும்.

அன்புமிக்க பங்கு மக்களே, 836-ஆம் ஆண்டு ஓர் ஆயர் தம் ஊரின் மிகச் சிறந்த செல்வத்தைத் தோற்றுப்போன மக்களுக்குத் தந்தார். அதன் பலனை அவர் கண்ணால் காணவில்லை. அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் கண்டன. நாம் இந்த யூபிலியில் நடுவதும் அத்தகைய மரமாயிருக்கட்டும். அதன் நிழலில் நம் பேரப்பிள்ளைகளும், நாம் முகமறியாத ஓர் ஊரின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அமர்வார்களாக. எல்லா ஊர்களையும் ஒரே வீடாக்க வல்ல இறைவன் இம்முயற்சியை ஆசீர்வதிப்பாராக.